கேள்வித்தாளில் இருந்த முழங்கால் வலிக்காரி

எங்கள் கேள்வித்தாளில் முழங்கால் வலிக்காரி ஒருத்தி இருந்தாள். அவளுக்கு ஒரு பெயரும் வைத்திருந்தார்கள். தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிற பெயர்தான், அதை இங்கே விட்டுவிடுகிறேன். அவளுக்கு ஊர் கிடையாது, வயது கிடையாது, புருஷன் பிள்ளை என்று யாரும் கிடையாது. வலி மட்டும் உண்டு. கொஞ்ச தூரம் நடந்தால் உட்கார்ந்துவிடுவாள். படி ஏறினால் பல்லைக் கடித்துக்கொள்வாள். தூக்கத்தில் புரண்டு படுத்தால் வலியில் விழித்துக்கொள்வாள். இதை நான்கு வாக்கியங்களில் வாசித்துவிட்டு, எதிரே உட்கார்ந்திருக்கும் முதியவரிடம், "நடமாடுவதில் இவருக்கு எவ்வளவு கஷ்டம் இருப்பதாக நினைக்கிறீர்கள்?" என்று நான் கேட்க வேண்டும். சொல்கிற பதிலுக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை ஒரு எண்ணை வட்டமிட வேண்டும்.

அப்போது இரண்டாயிரத்து ஏழு. தபால் வழியில் எம்.ஏ. முடித்துவிட்டு, அரசுத் தேர்வு ஒன்றை இரண்டு தடவை எழுதித் தேறாமல், தேனியில் வீட்டில் உட்கார்ந்து எல்லோர் மேலேயும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். முதியவர்களைப் பற்றி ஒரு ஆய்வு, வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கப் பெண்கள் வேண்டும் என்றார்கள். போனேன். மதுரையில் ஒரு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். அந்த ஒரு வாரமும் எங்களுக்குச் சொல்லப்பட்டது ஒரே ஒரு விஷயம்தான்: ஒரு சொல்லைக்கூட மாற்றாதே.

காரணம் நியாயமானதுதான். இதே கேள்விகளை இன்னும் பல நாடுகளில், பல மொழிகளில், இதே மாதத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, எந்த நாட்டில் மனிதர்கள் எப்படி மூப்படைகிறார்கள் என்று ஒப்பிடப் போகிறார்கள். தேனிக்காரி தன் இஷ்டத்துக்கு ஒரு சொல்லை மாற்றினால் அந்த ஒப்பீடு பாழாகிவிடும். சரி, கேள்வி ஒன்றாக இருந்தாலும் பதில் ஒன்றாக இருக்குமா? ஒரு நாட்டுக்காரர் லேசாக இடுப்பு பிடித்தாலே 'கடுமையான கஷ்டம்' என்பார். எங்கள் ஆள் காலை இழுத்துக்கொண்டு நடந்தபடியே 'ஒண்ணுமில்ல' என்பார். அதற்காகத்தான் முழங்கால் வலிக்காரியைப் படைத்திருந்தார்கள். கடைக்குக் கடை படி வேறாக இருக்கும்போது, ஒரே மூட்டை அரிசியை எல்லாக் கடையிலும் அளக்கச் சொல்லி எந்தப் படி எவ்வளவு பிடிக்கிறது என்று பார்ப்பார்கள் அல்லவா, அந்த மாதிரி. எல்லா நாட்டு முதியவர்களும் அவளை அளந்து சொல்ல வேண்டும். அவர்கள் அவளை அளப்பதை வைத்து, அவர்கள் தங்களை அளந்து சொன்னதைச் சரிசெய்துகொள்வார்கள்.

"அது யாருன்னு அவங்க கேட்டா?" என்று பயிற்சியில் நான் கேட்டேன்.

"கேட்டா, கேள்வியை மறுபடி அப்படியே வாசிக்கணும். விளக்கம் சொல்லக் கூடாது."

இன்னொரு விதியும் இருந்தது. நேர்காணலின்போது அந்த ஆளும் நாமும் மட்டும் இருக்க வேண்டும், வேறு யாரும் கூடாது. இந்த விதியை எழுதியவர் ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு தெருவையும் பார்த்ததில்லை என்று முதல் வாரத்திலேயே தெரிந்துபோயிற்று. நெசவுத் தெரு ஒன்றில் பத்துச் சொற்களை வாசித்துவிட்டுத் திருப்பிச் சொல்லச் சொல்லும் ஞாபகசக்திப் பரீட்சை நடத்தினேன். வாசலிலும் ஜன்னலிலும் முப்பது பேர். பெரியவர் நான்காவது சொல்லில் திணறினார். "மலை! மலைன்னு சொல்லுங்க சித்தப்பா!" என்று வெளியிலிருந்து ஒரு குரல் வந்தது. மூன்றாவது வீட்டுக்குப் போனபோது, நான் தாளை எடுக்கும் முன்பே அந்த வீட்டுப் பெரியவர் பத்துச் சொல்லையும் கடகடவென்று ஒப்பித்துவிட்டு, "பாஸா டீச்சர்?" என்றார். அந்தத் தெருவே அன்றைக்குப் பாஸ். எங்கள் மேற்பார்வையாளர், கம்பத்துக்காரர், நாற்பது வயதைத் தாண்டிய நிதானமான மனிதர், அன்று சாயங்காலம் வேனில் அந்தத் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உலகத்துலேயே ஞாபகசக்தி உள்ள ஊரு நம்ம ஊருதாம்மா" என்றார். சிரித்துவிட்டுக் கொஞ்ச நேரம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு ஒதுக்குப்புற வீடுகளை எனக்குக் கொடுத்தார். அப்படித்தான் கடமலைக்குண்டைத் தாண்டி, இலவ மரங்களுக்கு நடுவே தனியாக இருந்த அந்த வீட்டுக்குப் போனேன்.

ஓட்டு வீடு, ஒரு அறை, முன்னால் தகரம் இறக்கிய சமையலிடம். புருஷனும் பெண்சாதியுமாக இரண்டு பேர். ஒரே மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தாள். பெரியவர் எழுபதைத் தாண்டியவர், காலமெல்லாம் இலவங்காய் தட்டியவர். அந்த அம்மா காய்களை உடைத்துப் பஞ்சு எடுப்பவர். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருந்தது. நான் போனபோது ஒரு குடம் தண்ணீரை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, வாசல் தூணைப் பிடித்து நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ஒரு நிமிடத்துக்கு மேல் அப்படியே நின்றார். அந்த மூச்சின் சத்தம் நான் நின்ற இடம்வரை கேட்டது.

ஒரு வீட்டில் ஒரு ஆளைத்தான் கேட்க வேண்டும். யாரைக் கேட்பது என்று நாங்கள் முடிவுசெய்யக் கூடாது. மூத்தவர்களை வயது வரிசைப்படி எழுதிவிட்டு, ஒரு அட்டவணையில் வீட்டு எண்ணோடு பொருத்திப் பார்த்தால் முதலாவது ஆளா இரண்டாவது ஆளா என்று அது சொல்லிவிடும். அட்டவணை முதலாவது ஆள் என்றது. பெரியவர்.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்காருவதுபோல் விறைப்பாக உட்கார்ந்தார். நான் பதில் அட்டையைக் காட்டினேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக அதில் ஐந்து வட்டங்கள் வரைந்திருக்கும். மிகச் சிறியது 'கஷ்டமே இல்லை'. அப்புறம் லேசான கஷ்டம், ஓரளவு கஷ்டம், கடுமையான கஷ்டம். கடைசியில் பெரிய வட்டம் 'முடியவே முடியாது'.

"கடந்த முப்பது நாட்களில், தானாகக் குளிப்பதில் உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் இருந்தது?"

"கஷ்டமே இல்ல."

"வெந்நி யாரு வைக்கிறா?" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. என்னிடம் சொன்னதல்ல. சுவரிடம் சொன்னது.

"வீட்டுப் பொறுப்புகளைக் கவனித்துக்கொள்வதில்?"

"கஷ்டமே இல்லத்தா."

"கஷ்டம் எப்படி இருக்கும்" என்றது அடுப்படி.

"குனிந்து, தரையில் இருந்து ஒரு பொருளை எடுப்பதில்?"

"ஒண்ணும் இல்ல. ஒண்ணு போடு."

"அவுக குனிஞ்சு நான் பாத்தே பத்து வருசம் ஆச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு ஒன்று, ஒன்று, ஒன்று என்று வட்டமிட்டுக்கொண்டே போனேன். பெரியவர் பொய் சொல்லவில்லை. அவருக்குக் கஷ்டம் இல்லைதான். தண்ணீர் வருகிறது, வெந்நீர் வருகிறது, சோறு தட்டில் வருகிறது, கழற்றிப் போட்ட வேட்டி துவைத்துக் கொடியில் கிடக்கிறது. இந்த வீட்டில் கஷ்டம் என்று ஒன்று இருந்தால் அது முழுவதும் தகரத்துக்கு அடியில் உட்கார்ந்து விறகை ஊதிக்கொண்டிருந்தது. அவருடைய ஒவ்வொரு 'ஒன்று'க்கும் பின்னால் அந்த அம்மாவின் நாலோ ஐந்தோ இருந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்தது. அதை எழுத என் தாளில் இடம் இல்லை.

ஒரு மணி நேரத்துக்கு அப்புறம் முழங்கால் வலிக்காரியிடம் வந்தோம். நான்கு வாக்கியங்களை வாசித்தேன். பெரியவர் யோசித்தார். அதற்குள் அந்த அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, எனக்கு நேர் எதிரே தரையில் கையூன்றி, முனகிக்கொண்டு உட்கார்ந்தார்.

"யாருத்தா அது? பாவம்."

விதிப்படி மறுபடி வாசித்தேன்.

"அது சரி. எந்த ஊருக்காரி?"

மறுபடி வாசித்தேன். என் குரல் எனக்கே கேவலமாகக் கேட்டது.

"பெத்த பிள்ளைக இருக்காகளா? வைத்தியம் பாத்தாகளா? பொரண்டு படுத்தா வலிக்குமாமே. எனக்கும் அப்படித்தான். வலது பக்கம் படுத்தா இடது முட்டி கொடையும், இடது பக்கம் படுத்தா மூச்சு முட்டும். உக்காந்தே விடிஞ்சுரும்."

பெரியவர் திரும்பிப் பார்த்தார். "உனக்கா? எப்பருந்து?"

"ஆமா, இப்பக் கேளும்" என்றார் அந்த அம்மா. பிறகு என்னைப் பார்த்துத் திரும்பினார். கோபம் என்று சொல்ல மாட்டேன். நியாயம் கேட்கிற முகம். "ஏத்தா, எங்கனயோ கெடக்குற ஒருத்தியோட முட்டிவலிய இந்த மனுசன்கிட்ட வந்து கேக்குற. நான் இங்கனதான இருக்கேன். என்னயக் கேக்க மாட்டியா?"

"உங்க பேரு வரலம்மா" என்றேன்.

"எங்க வரல?"

"இந்த லிஸ்ட்ல."

அந்த அம்மா எழுந்தார். எழுந்திருக்க இரண்டு தடவை முயன்றார். உள்ளே போய் ஒரு மஞ்சள் பையைத் துழாவி ரேஷன் கார்டை எடுத்துவந்து என் மடியில் வைத்தார். "இந்தா, இங்கன பாரு. ரெண்டாவது பேரு. நான் இல்லைன்னு யாரு சொன்னது?"

அட்டவணையைப் பற்றி விளக்க முயன்றேன். எல்லோரையும் கேட்க முடியாது, வீட்டுக்கு ஒரு ஆள், வெளிநாட்டில் எல்லாம் இப்படித்தான், அவர்கள் போட்டுக் கொடுத்த முறை என்று உளறினேன். நான் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அம்புட்டுத் தூரத்துல இருந்து பாத்தா நான் தெரிய மாட்டேன்தான்" என்றார். கார்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அந்தப் பக்கமிருந்து ஒரு முணுமுணுப்பும் வரவில்லை. பெரியவர் முழங்கால் வலிக்காரிக்கு நாலு போட்டார். மீதிக் கேள்விகளை எப்படிக் கேட்டேன் என்று எனக்கு நினைவில்லை. கையால் அழுத்தினால் முள் நகரும் கருவி ஒன்று வைத்திருந்தோம், கையின் வலுவை அளக்க. அதை அவரிடம் கொடுத்து வலது கையை அளந்தேன். இடது கையை அளக்காமலே பையில் போட்டுவிட்டேன். அந்தத் தப்பு அப்போது எனக்குத் தெரியவில்லை.

கிளம்பும்போது அந்த அம்மா வாசலுக்கு வந்தார். கையில் ஒரு இருமல் மருந்துப் பாட்டில், அதில் பச்சையாக எண்ணெய்.

"அந்தப் பொம்பளயப் பாப்பேல்ல, அவகிட்ட குடு. நொச்சியும் எருக்கும் போட்டுக் காச்சுனது. லேசா சூடு பண்ணி, மேலருந்து கீழ தேக்கச் சொல்லு. கீழருந்து மேல தேச்சா வலி ஏறிக்கிரும். எனக்கு இதத் தேச்சாத்தான் கொஞ்ச நேரம் கண்ணு அசரும்."

அப்படி ஒருத்தி இல்லை என்று சொல்லியிருக்கலாம். விதி தடுத்தது என்று சொன்னால் அது சுத்தப் பொய். நேர்காணல் முடிந்துவிட்டது, விதிகளும் முடிந்துவிட்டன. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, இல்லாத ஒருத்தியின் வலியைக்கூட விசாரித்துவிட்டு இருக்கிற ஒருத்தியைக் கேட்காமல் போகிறேன் என்று அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். உள்ளே மாடத்தில் இன்னொரு பாட்டில் இருந்தது. அதிலிருந்துதான் எனக்கு ஊற்றியிருக்க வேண்டும், அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத்தான் எண்ணெய் இருந்தது.

வேனில் வரும்போது மூடி சரியில்லாமல் எண்ணெய் கசிந்து நாலைந்து தாள்களின் ஓரம் நனைந்துவிட்டது. மேற்பார்வையாளர் மூக்கைச் சுளித்தார். "என்னம்மா இது, நாட்டு வைத்தியச் சாலை வாடை அடிக்குது?" நடந்ததைச் சொன்னேன். கண்டமனூர் தாண்டிய பிறகு, "நம்ம அம்மாவைக்கூட நாம கேட்டதில்லையே" என்று மட்டும் சொன்னார். பிறகு டிரைவரோடு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

இரண்டு மாதம் கழித்து அந்தத் தாள் தலைமை அலுவலகத்திலிருந்து சிவப்பு மையில் வட்டமிட்டுத் திரும்பி வந்தது. இடது கை அளவு விடுபட்டுள்ளது, மீண்டும் சென்று பதிவுசெய்யவும்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மேற்பார்வையாளரிடம் போய் நின்றேன். "சார், அந்த அம்மாவையும் கேட்டுட்டு வந்துரட்டுமா? ஒரே ஒரு தாள் எக்ஸ்ட்ரா."

"எழுதிட்டு வந்தா நான் வாங்க முடியாதும்மா. அந்த வீட்டுக்கு ஒரு நம்பர், ஒரு ஆளு. ரெண்டாவது தாளைக் கம்ப்யூட்டரே தள்ளிரும்."

"தெரியும் சார். சும்மா கேக்கத்தான்."

அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். அலமாரியைத் திறந்து, நம்பர் போடாத தாள் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, டீ குடிக்கப் போனார்.

மறுநாள் பஸ்ஸில் போகும்போது மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். முதலில் தண்ணீர்க் குடத்தை வாங்கிக் கீழே வைக்க வேண்டும். அவரைச் சுவரில் சாய்ந்து வசதியாக உட்காரச் சொல்ல வேண்டும். பெரியவரைக் கொஞ்சம் வெளியே அனுப்ப வேண்டும். கேள்விகளை ஒரு சொல் மாற்றாமல், அவசரப்படாமல், ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். எண்ணெயைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்று மட்டும் முடிவாகவில்லை.

வாசலில் குடம் கவிழ்ந்து கிடந்தது. பெரியவர் மழித்த தலையோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல், அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"வாத்தா. அவ போயிட்டா. பதினாறு முடிஞ்சு நாலு நாளாச்சு."

மூன்று நாள் காய்ச்சல், அப்புறம் மூச்சு. தேனி பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடித்திருக்கிறார்கள். "கண்டமனூர் தாண்டல" என்றார். திருப்பூர் மகள் வந்து பதினாறு நாள் இருந்து, லீவு இல்லை என்று போய்விட்டாள். அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறாள். அவர் போகவில்லை.

நான் தாளைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை. என் மேலேயே ஒரு பெரிய எரிச்சல் வந்தது. இரண்டு மாதம் சிவப்பு மைக்காகக் காத்திருந்தேனே. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் படுத்துத்தானே கிடந்தேன், பஸ் ஏறி வந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

"எதுக்குத்தா வந்த? சொல்லு" என்றார். விஷயத்தைச் சொன்னேன். "அதுக்கென்ன" என்று இடது கையை நீட்டினார். முள் கொஞ்சமாக நகர்ந்தது. எழுதிக்கொண்டேன். வந்த வேலை இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

அப்போதுதான் சுவரைப் பார்த்தேன். அடுப்பு மேடைக்கு மேலே, கரித்துண்டால் ஐந்து வட்டங்கள் வரைந்திருந்தன. சின்னதிலிருந்து பெரியதுவரை, என் அட்டையில் இருக்கிற அதே வரிசை. வட்டங்களுக்குக் கீழே சின்னச் சின்னக் கோடுகள்.

"நீ போன அன்னைக்கே ஆரம்பிச்சுட்டா" என்றார் பெரியவர். "'அந்தப் பிள்ள உம்மகிட்ட கேட்டதெல்லாம் இப்ப என்னயக் கேளும்'னா. எனக்கு எங்க ஞாபகம் இருக்கு? ஞாபகம் வந்ததக் கேட்டேன். இந்த வட்டத்த நாந்தான் போட்டேன். நான் கேக்க, அவ கரியால கோடு போடுவா. சாயங்காலம் ஆனா எங்களுக்கு இதே பொழப்பாப் போச்சு." மெல்ல எழுந்து சுவர்வரை வந்தார். விரலை நாலாவது வட்டத்துக்குக் கீழே வைத்தார். "இது குனிஞ்சு நிமுர்றதுக்கு. இது தண்ணி தூக்குறதுக்கு. இது தூக்கத்துக்கு. தூக்கத்துக்கு மொதல்ல மூணு போட்டா. அப்பறம் அழிச்சிட்டு நாலுல போட்டா. அம்பத்தி ரெண்டு வருசம் பக்கத்துலயே படுத்துருக்கேன்த்தா. இந்தக் கோட்டப் பாத்துத்தான் எனக்கே தெரியும்."

அவர் விரல் ஐந்தாவது வட்டத்துக்குப் போனது. முடியவே முடியாது. அதற்குக் கீழே ஒரே ஒரு கோடு, மற்றவற்றைவிட அழுத்தமாக.

"இதுதான் எதுக்குன்னு தெரியல. நான் எதக் கேட்டதுக்கு இதப் போட்டான்னு மறந்துட்டேன். ராவும் பகலும் யோசிக்கிறேன், வரமாட்டேங்குது. உன்கிட்ட எல்லாக் கேள்வியும் இருக்குல்ல, ஒவ்வொண்ணாச் சொல்லு, எதுன்னு சொல்லிருறேன்."

பையிலிருந்து நம்பர் போடாத தாளை எடுத்தேன். ஒவ்வொரு கேள்வியாக வாசித்தேன், ஒரு சொல் மாற்றாமல். நிற்பது, நடப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, அக்கம்பக்கத்தாரோடு பழகுவது, பார்வை, கேட்பது, துக்கம், கவலை. ஒவ்வொன்றுக்கும் அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, "இல்ல, அது இல்ல" என்று தலையாட்டினார். கடைசிக் கேள்விவரை வந்துவிட்டோம். எதுவும் இல்லை. தாளைத் திருப்பி முதலிலிருந்து இன்னொரு தடவை வாசித்தேன். அப்போதும் இல்லை. எங்கள் தாளில் இல்லாத எதையோ அந்த அம்மா தானாகச் சொல்லிக் கோடு போட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அதை அவரிடம் சொல்லவில்லை.

அவருக்குத் தெரிந்த கோடுகளை மட்டும் தாளில் வட்டமிட்டேன். அவர் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் சரிபார்த்தார். "இப்பச் சேத்தாச்சுல்ல?" என்று கேட்டார்.

"சேத்தாச்சுங்கய்யா" என்றேன்.

கிளம்பும்போது வாசலில் நிறுத்தினார். "அந்த முட்டிவலிக்காரப் பொம்பளகிட்ட எண்ணெயக் குடுத்தியா? சாகுறதுக்கு மொத நாளுகூட விசாரிச்சா, அந்தப் பிள்ள குடுத்திருக்குமான்னு."

"குடுத்துட்டேன்."

"வலி கொறஞ்சுச்சாமா?"

"கொறஞ்சுருச்சுங்கய்யா. இப்ப நல்லா நடக்குறாக."

அவர் முகம் முதல்முறையாகக் கொஞ்சம் தெளிந்தது. "அவுகளாச்சும் நல்லாருக்கட்டும்" என்றார்.

தேனி அலுவலகத்தில் மேற்பார்வையாளரிடம் பெரியவரின் தாளைக் கொடுத்தேன். முதல் பக்கத்தில் 'மணமாகி, துணையோடு வாழ்கிறார்' என்ற எண்ணை அடித்து, 'துணையை இழந்தவர்' என்று மாற்றியிருந்தேன். அவர் அதைப் பார்த்ததும் விஷயத்தைப் புரிந்துகொண்டார். பிறகு வெள்ளை மை எடுத்து நான் மாற்றியதை அழித்தார்.

"நேர்காணல் நடந்த தேதிக்கு அவங்க இருந்தாங்கல்ல. அந்தத் தேதிக்கு என்னவோ அதுதாம்மா நிக்கணும். மாத்தக் கூடாது."

அவர் சொன்னது சரிதான். பல நாட்டுக் கணக்கில் அந்தப் பெரியவர் இன்றைக்கும் துணையோடுதான் வாழ்கிறார். அவருக்கு எதிலும் கஷ்டமே இல்லை. இரண்டாவது தாள் என் பெட்டியில் கிடக்கிறது. எண்ணெய் நனைந்த தாள்கள் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்விட்டன. பாட்டிலில் மிச்சம் இருந்ததை நான் யாருக்கும் கொடுக்கவில்லை, தேய்த்துக்கொள்ளவும் இல்லை.

இரண்டாயிரத்துப் பத்தில் அடுத்த சுற்றுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று மேற்பார்வையாளர் போன் செய்தார். மதுரைக்குப் போனேன். பயிற்சி அறையில் விளக்கை அணைத்துவிட்டு முந்தைய சுற்றின் முடிவைத் திரையில் காட்டினார்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கோடு, வயது ஏற ஏறக் கோடும் ஏறியது. முழங்கால் வலிக்காரியை வைத்துச் சரிசெய்த பிறகு எங்கள் கோடு எப்படி நகர்கிறது என்று விளக்கினார்கள். அழகான வேலைதான், குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அந்தக் கோட்டில் எந்த இடத்தில் அந்தப் பெரியவர் இருப்பார் என்று தேடினேன். ஒரு ஆளைத் தேடிக் கண்டுபிடிக்கிற படம் இல்லை அது.

பிறகு புதிய கேள்வித்தாளைக் கொடுத்தார்கள். மேஜைக்கு ஒன்று. மற்ற பெண்கள் முதல் பக்கத்திலிருந்து பார்த்தார்கள். நான் நேராக அந்தப் பக்கத்தைத் திருப்பினேன். முழங்கால் வலிக்காரி அங்கேயே இருந்தாள். அதே பெயர். கொஞ்ச தூரம் நடந்தால் உட்கார்ந்துவிடுகிறாள், படி ஏறினால் பல்லைக் கடித்துக்கொள்கிறாள், புரண்டு படுத்தால் விழித்துக்கொள்கிறாள். ஒரு சொல் மாறவில்லை.

அவளுக்கு வலி குறைந்துவிட்டது என்று நான் ஒருவரிடம் சொல்லியிருந்தேன். தாளை மூடி வைத்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் யாரிடமும் சொல்லாமல் தேனி பஸ் ஏறிவிட்டேன்.